தோட்டத்துப் பத்திரிகையிலிருந்து தட்டைக் கணினி வரை

அச்சுப் பத்திரிகை இன்னும் எத்தனை நாளைக்கு? தமிழ்ப் பத்திரிகைகளைப் பற்றி எந்த மேடையில் பேச்சு எடுத்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. காகிதம் போனால் தமிழ் வாசிப்பும் போய்விடும் என்று ஒரு சாரார் கவலைப்படுகிறார்கள். எல்லாம் திரைக்கு வந்துவிட்டது, இனி காகிதம் எதற்கு என்று இன்னொரு சாரார் கேட்கிறார்கள். இரு தரப்பும் பேசுவது காகிதத்தைப் பற்றியும் திரையைப் பற்றியும்தான். அந்தச் செய்தியை அன்றாடம் சுமந்து வந்து வாசகர் கையில் சேர்ப்பது யார் என்ற கேள்வியை இருவரும் கேட்பதில்லை.

பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைத் திரும்பிப் பார்த்தால், இந்தக் கேள்விதான் முதலில் கேட்கப்பட வேண்டியது என்பது விளங்கும்.

ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்க

1877-ஆம் ஆண்டில் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் சுங்கை சிப்புட், சிம்மோர், கோப்பெங், பத்து காஜா, தாப்பா, பீடோர், சித்தியவான், பாகான் செராய் என்று மாநிலம் எங்கும் தோட்டங்கள் பரவின. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் லயங்களில் குடியேறினார்கள். விடியுமுன் பெரட்டுக் களம், பிறகு பால்வெட்டு, மதியம் பால் கொட்டகை என்று அவர்களின் நாள் கழிந்தது.

அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனால் பல தோட்டங்களில் அந்தப் பள்ளி ஒரு கொட்டகையாகத்தான் இருந்தது. அங்கே படித்தவர்களும் சில வகுப்புகளோடு நின்றுவிட்டார்கள்.

அப்படியிருந்தும் செய்தி அவர்களை எட்டியது. 1924-இல் நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' தொடங்கினார். 1935-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' கொண்டுவந்தார். தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது ஒன்றிரண்டு பிரதிகளாக இருக்கும். பள்ளி ஆசிரியரோ, கிராணியோ, படிக்கத் தெரிந்த ஓர் இளைஞரோ அதை உரக்கப் படிப்பார். சுற்றி உட்கார்ந்தவர்கள் கேட்பார்கள். முடிதிருத்தும் கடையிலும் ஒட்டுக்கடையிலும் அதே பத்திரிகை கை மாறும். மறுநாள் வரை ஒரே பிரதி பல வீடுகளைச் சுற்றி வரும்.

அந்தச் செய்திகள் வெறும் பொழுதுபோக்கு அல்ல. 1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் பகுதித் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாட்டில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. ஊரடங்கு எப்போது, அரிசிக்கு என்ன கட்டுப்பாடு, அடையாளக் கார்டுக்கு எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொரு குடும்பத்தையும் நேராகப் பாதித்த விஷயங்கள்.

1957-இல் நாடு விடுதலை பெற்ற பிறகு குடியுரிமை விண்ணப்பம் பெரிய பிரச்சினையாக நின்றது. அதைப் பற்றிச் சரியான நேரத்தில் தெரிந்துகொண்டு விண்ணப்பித்தவர்கள் தப்பித்தார்கள். தெரியாதவர்களையும், பத்திரம் இல்லாதவர்களையும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களையும் 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிடித்துக்கொண்டது. வேலை பெர்மிட் கிடைக்காமல் பல்லாயிரம் இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டே போனார்கள். ஒரு செய்தி காலத்தில் வந்து சேராவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

எழுத்து முதலில், செய்தி பிறகு

செய்தியைக் கொண்டுபோகும் கருவி மாறும்போதெல்லாம் தமிழுக்கு ஒரு தடை வந்திருக்கிறது. ஆங்கிலத்துக்கென்று செய்யப்பட்ட பொறியில் தமிழ் எழுத்து உட்கார மறுத்ததுதான் அந்தத் தடை.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா மலாயாவில் ஓர் ஆங்கில வர்த்தக நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் ஓர் எழுத்தைத் தட்டியதும் காகிதம் ஓரிடம் நகர்ந்துவிடும். தமிழில் 'கி' என்று எழுத எழுத்தும் வேண்டும், அதன் மேல் விசிறியும் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும். முத்தையா இதற்கு நகரா விசை என்ற உத்தியைக் கையாண்டார். குறியை முதலில் தட்டினால் காகிதம் நகராது; பிறகு எழுத்தைத் தட்டினால் இரண்டும் சேர்ந்து விழும். 1930-களில் வந்த அந்தத் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்குப் பின்னால் மலாயாவில் உழைத்த ஒரு குமாஸ்தாவின் யோசனை இருந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் எழுத்துச் சீர்திருத்தமும் வந்தது. பெரியார் ஈ.வெ.ராமசாமி 1929-ஆம் ஆண்டு டிசம்பரில் மலாயாவுக்கு வந்து, ஈப்போவில் நடந்த தமிழர் சீர்திருத்த மாநாட்டில் கலந்துகொண்டார். 1935-இல் அவர் தமது 'குடி அரசு' இதழில் சில எழுத்துகளின் வடிவத்தை மாற்றி அச்சிடத் தொடங்கினார். அச்சுக் கோப்பவரின் வேலை எளிதாக வேண்டும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1978-இல் தமிழக அரசு அதை ஏற்றது. பிறகு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நடைமுறைக்கு வந்தது.

கணினி வந்தபோது பழைய தடை புது உருவில் வந்தது. ஒவ்வொருவரும் தமக்கென்று ஓர் எழுத்துரு வைத்துக்கொண்டார்கள். ஒரு பத்திரிகையின் இணையப் பக்கத்தைப் படிக்க அதன் எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும். இன்னொரு பத்திரிகைக்கு இன்னோர் எழுத்துரு. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான யூனிகோட் முறையில் தமிழ் 1991-இலேயே இடம் பெற்றுவிட்டது. ஆனால் அது பத்திரிகை அலுவலகங்களுக்குள் வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன. தமிழக அரசே 2010-இல்தான் அதை அதிகாரப்பூர்வமாக ஏற்றது.

இந்தத் தடையை உடைத்தவர்களில் ஒரு மலேசியர் முன்வரிசையில் நிற்கிறார். சிலாங்கூர் கேரித் தீவோடு தொடர்புடைய ஆசிரியரும், 1997-இல் வெளிவந்த 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்ற பெருந்தொகுப்பைத் தொகுத்தவருமான முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன்தான் அவர். 1985-இல் தொடங்கிய அவருடைய 'முரசு' மென்பொருள் பின்னர் 'முரசு அஞ்சல்' ஆக வளர்ந்தது. 2005-ஆம் ஆண்டு பொங்கலன்று அவருடைய 'செல்லினம்' கைத்தொலைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற 'இணைமதி' எழுத்துருவும், பெயரின் கடைசியில் 'எம்.என்.' என்ற அடையாளம் தாங்கிய இந்திய மொழி எழுத்துருக்களும் அவர் கைவண்ணம்.

செய்திச் செயலியின் கதைக்கு இது முன்னுரை. எழுத்து சரியாகத் தெரியாத திரையில் செய்தியைப் போட்டு என்ன பயன்?

ஒன்று மூடியது, ஒன்று பிறந்தது

2010-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு சாம்சுங் நிறுவனம் ஆண்ட்ராய்டில் இயங்கும் கேலக்சி டேப் கருவியைக் கொண்டுவந்தது. பத்திரிகை உலகத்துக்குப் பெரிய நம்பிக்கை பிறந்தது. கைத்தொலைபேசியின் திரை சிறியது. மேசைக் கணினியைக் கையில் பிடிக்க முடியாது. தட்டைக் கணினியோ பத்திரிகையை மடித்துப் பிடித்தது போலக் கைக்கு அடக்கமாக இருந்தது.

ரூப்பர்ட் மர்டோக்கின் நிறுவனம் 2011 பிப்ரவரியில் 'தி டெய்லி' என்ற நாளிதழை ஐபேட்டுக்கென்றே தொடங்கியது. அச்சுப் பதிப்பே கிடையாது. 3 கோடி டாலர் முதலீடு என்று அறிவித்தார்கள். இரண்டு ஆண்டுகள்கூட நிற்கவில்லை. 2012 டிசம்பரில் அதை மூடிவிட்டார்கள்.

அதே 2012 டிசம்பரில் மலேசியாவில் 'செல்லியல்' பிறந்தது. முத்து நெடுமாறன் தொழில்நுட்பத்தைக் கவனிக்க, இரா. முத்தரசன் ஆசிரியப் பொறுப்பைக் கவனிக்க, கையடக்கக் கருவிகளுக்கான தமிழ்ச் செய்திக் குறுஞ்செயலியாக அது வெளிவந்தது. அதற்குப் பின்னால் அச்சுப் பத்திரிகை எதுவும் இல்லை. உலகின் பெரிய ஊடக முதலாளி கைவிட்ட இடத்தில், ஒரு சிறிய மலேசியத் தமிழ்க் குழு கால் வைத்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. 'தி டெய்லி' ஐபேட்டை நம்பிப் பிறந்தது. அதற்கென்று தனியாக ஒரு வாசகர் கூட்டத்தைத் தேட வேண்டியிருந்தது. செல்லியலுக்கு வாசகர் கூட்டம் முன்பே இருந்தது. பிழைப்புக்காக ஊர் மாறிப் போன, வெளிநாடு போன, தமிழில் நாட்டு நடப்பு படிக்க வேண்டும் என்று நினைத்த மலேசியத் தமிழர்கள் அவர்கள். கருவி மட்டும்தான் அவர்களுக்குப் புதிது.

ஒரு செயலிக்குள் என்னென்ன வேலை

செய்திச் செயலி என்றால் பத்திரிகைப் பக்கத்தைப் படம் பிடித்துத் திரையில் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். தொடக்கத்தில் பல பத்திரிகைகள் செய்தது அதைத்தான். பக்கத்தை அப்படியே படமாக அனுப்பினால் எழுத்துருச் சிக்கல் இல்லை. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். ஒவ்வொரு வரிக்கும் விரலால் இடமும் வலமும் தள்ளிப் படிக்க வேண்டும். ஒரு சொல்லைத் தேடவும் முடியாது.

முறையான செயலியில் செய்தி எழுத்தாகவே வருகிறது. ஆசிரியர் குழு எழுதும் செய்தி ஒரு சர்வரில் சேர்கிறது. கருவியில் உள்ள செயலி குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை அங்கே போய், புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்த்து எடுத்து வருகிறது. திரையின் அகலத்துக்கு ஏற்ப அதை அடுக்குகிறது. கைத்தொலைபேசியில் தலைப்புகள் தனியாகவும் செய்தி தனியாகவும் வரும். தட்டைக் கணினியில் இடப்பக்கம் தலைப்புகளும் வலப்பக்கம் செய்தியும் சேர்ந்தே நிற்கும்.

தமிழுக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. 'கொ' என்ற எழுத்து கணினிக்குள் 'க', அதற்கடுத்து உயிர்க்குறி என்ற வரிசையில் இருக்கிறது. திரையில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். இதைச் செய்யத் தெரியாத கருவியில் கொம்பு இடம் மாறி நிற்கும். எழுத்துருவே இல்லாத கருவியில் வரிசையாகக் கட்டங்கள் தெரியும். முத்தையா தட்டச்சுப் பொறியில் சந்தித்த அதே சிக்கல்தான் எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு கண்ணாடித் திரையில் வந்து நின்றது.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகலான பத்தியில் இரு ஓரமும் சமமாக வர வேண்டும் என்று அடுக்கினால் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டைகள் விழும். ஆகவே வரியின் அகலம், எழுத்தின் அளவு, வரிகளுக்கு இடையே உள்ள இடைவெளி எல்லாவற்றையும் தமிழை வைத்தே பார்த்துச் சரி செய்ய வேண்டும். ஆங்கிலத்துக்குச் செய்த அளவு தமிழுக்குப் பொருந்தாது.

முன்னாள் தோட்டப் பகுதிகளுக்கு இன்னொன்றும் முக்கியம். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகப் போக அலைவரிசை மெலிந்துவிடும் இடங்கள் பேராக்கில் உண்டு. கிடைத்தபோது செய்தியை இறக்கி வைத்துக்கொண்டு, கிடைக்காதபோதும் படிக்க வசதி செய்யும் செயலிதான் அங்கே பயன்படும்.

புதுப்பிக்காவிட்டால் என்ன ஆகும்?

செயலி வெளியீடு என்றால் விழா நடக்கும். மாலை, பொன்னாடை, படம் எல்லாம் இருக்கும். உண்மையான வேலை அதற்கு மறுநாள்தான் ஆரம்பிக்கிறது.

ஆப்பிள், கூகல் இரண்டும் ஆண்டுதோறும் தங்கள் இயங்குதளத்தை மாற்றுகின்றன. 2011-இல் ஆப்பிள் பத்திரிகைகளுக்கென்று 'நியூஸ்ஸ்டாண்ட்' என்ற அலமாரியைத் திறந்தது. பல பத்திரிகைகள் அதை நம்பிச் செயலி செய்தன. 2015-இல் அந்த அலமாரியையே எடுத்துவிட்டார்கள். 2017-இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 பதிப்பில் பழைய 32-பிட் செயலிகள் எதுவும் திறக்கவில்லை. நேற்று வரை ஓடிய செயலி, கருவியைப் புதுப்பித்த மறுநிமிடம் செத்துப்போனது. ஆண்ட்ராய்டிலும் புதிய விதிக்கேற்ப மாற்றப்படாத பழைய செயலி, புதுக் கருவி வாங்கியவரின் கண்ணில் படாமல் போகும்.

செலவு இதோடு நிற்பதில்லை. ஆப்பிள் கடையில் செயலி இருக்க ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் செயலி கடையிலிருந்து இறங்கிவிடும். சர்வருக்கு மாத வாடகை உண்டு. பழைய கருவி, புதுக் கருவி, 7 அங்குலத் திரை, 10 அங்குலத் திரை என்று ஒவ்வொன்றிலும் ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டும். மலேசியாவில் 2021-ஆம் ஆண்டு இறுதியோடு 3ஜி சேவை நிறுத்தப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்த பழைய கருவிகள் வீட்டு வைஃபை இல்லாத இடத்தில் பயனற்றுப் போயின.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரத்தில் ஒருமுறை கோடு போட்டுவிட்டால் காலமெல்லாம் பால் வராது. ஒவ்வொரு வெட்டுக்கும் பட்டையை மெல்லியதாகச் சீவினால்தான் பால் வடியும். காய்ந்துபோன வெட்டில் கோப்பையைக் கட்டி வைத்துக் காத்திருந்தால் கோப்பையில் மழைத் தண்ணீர்தான் சேரும்.

அச்சுக்கும் இதே நியாயம்தான். தமிழ் நேசன் 94 ஆண்டுகள் நின்ற பத்திரிகை. உலகப் போரையும் அவசரகாலத்தையும் பார்த்தது. 2019 ஜனவரி 31-ஆம் தேதியோடு அது நின்றுபோனது. நின்றபோது அதன் பெருமையைப் பேசியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் கடைசி ஆண்டுகளில் காசு கொடுத்து வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பது ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

இது யாருடைய பிரச்சினை?

படித்தவர்கள் ஆங்கிலத்திலும் மலாயிலும் செய்தி பார்த்துக்கொள்கிறார்கள், தமிழில் தனியாக எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஈப்போவைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளையும் தாமான்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1960-இல் சுங்கை சிப்புட்டின் மைந்தர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலைச் சமாளிக்கத்தான். பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். அவர்களோடு பத்திரிகையைப் படித்துக் காட்டிய ஆசிரியரும், கேட்க உட்கார்ந்த கூட்டமும் கலைந்தன.

தோட்டம் போனாலும் பள்ளிகள் முழுதும் போகவில்லை. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் 130-க்கும் அதிகமானவை பேராக்கில். வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. அந்தப் பள்ளிகளில் நாலாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு வரை படித்துவிட்டுப் பால்வெட்டப் போன தலைமுறை இன்று பேரப்பிள்ளைகளோடு நகரத்தில் இருக்கிறது. அவர்கள் தடையின்றிப் படிக்கக்கூடிய மொழி தமிழ் ஒன்றுதான்.

அவர்களுக்குச் செய்தி தேவையில்லை என்று யார் சொல்ல முடியும்? 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எது திறந்திருக்கும், எவ்வளவு தூரம் போகலாம் என்ற விதிகள் அடிக்கடி மாறின. 2024 ஜனவரி 2-ஆம் தேதி அரசாங்கம் 'பாடு' என்ற தரவுத் தளத்தைத் தொடங்கி, மார்ச் 31-க்குள் விவரங்களைப் பதியச் சொன்னது. உதவித் தொகைகளைத் தகுதியானவர்களுக்குச் சேர்க்கவே அந்தப் பதிவு என்று சொல்லப்பட்டது. அன்று குடியுரிமை விண்ணப்பத்துக்கு இருந்த அதே கேள்வி இதற்கும் இருந்தது. தெரிய வேண்டியவருக்கு, அவர் படிக்கும் மொழியில், கடைசித் தேதிக்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்ததா?

புலனத்தில் வந்தது, முகநூலில் பார்த்தேன் என்று சிலர் பதில் சொல்லலாம். அங்கே வரும் செய்திக்குப் பொறுப்பேற்க ஆள் கிடையாது. தவறு என்று தெரிந்தால் திருத்தவும் ஆள் கிடையாது. ஆசிரியர் குழு உள்ள பத்திரிகைக்கும் செயலிக்கும்தான் அந்தப் பொறுப்பு உண்டு. செய்தியைப் புதுப்பிப்பதும், செயலியைப் புதுப்பிப்பதும், தவறைத் திருத்துவதும் ஒரே கடமையின் மூன்று பகுதிகள்.

தட்டைக் கணினியில் ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. கண் பார்வை மங்கியவர் எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாம். அதுவும் முடியாதவருக்குக் கருவியே தமிழை உரக்கப் படித்துக் காட்டும் வசதி வந்துவிட்டது. அன்று கிராணி செய்த வேலையை இன்று கருவி செய்கிறது. ஆனால் செய்தி எழுத்தாக இருந்தால்தான் அந்தக் குரல் வேலை செய்யும். படமாக அனுப்பிய பக்கத்தை அது திணறாமல் படிக்காது. செயலியை முறையாகச் செய்தவர்களின் வாசகருக்கு மட்டுமே அந்த வசதி முழுமையாகக் கிடைக்கிறது.

ஆகவே காகிதமா, திரையா என்ற வாதத்தை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். காகிதம் வேண்டுவோர் காசு கொடுத்து வாங்கட்டும். திரையில் படிப்போர் சந்தா கேட்டால் கட்டட்டும், விளம்பரம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கட்டும். வீட்டில் ஒரு பிள்ளை, தாத்தா பாட்டியின் கருவியை மாதம் ஒருமுறை எடுத்துச் செயலிகளைப் புதுப்பித்துக் கொடுக்கட்டும். தோட்டத்தில் பத்துப் பேருக்குப் பத்திரிகை படித்துக் காட்டிய அந்த ஒருவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அவர் தினமும் வந்து உட்கார்ந்தார், அதனால் செய்தி போய்ச் சேர்ந்தது. இன்றும் அப்படி ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் தேவைப்படுகிறார்.